சுயம்புவின் துபாஷி

அரசு மருத்துவமனையின் செவிப் பிரிவில் காது சோதிக்கிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை அவரைக் காது சார் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். வாயை நன்றாகத் திறந்து நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கேட்காதவர்களோடு பழகிப் பழகி வந்த வழக்கம். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, சாதாரணமாப் பேசுங்க" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். யாரோடும் மல்லுக்கு நிற்காத மனிதர். பேருந்தில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை தன் அறைக் கணினியை முடுக்கியபோது திரையில் ஒரு மலை தெரிந்தது. மலைக்குப் பின்னால் சூரியன். கீழே கொட்டை எழுத்தில், "நான் சுயம்பு. எவரிடமிருந்தும் வந்தவன் அல்லன்" என்று எழுதியிருந்தது. மூலையில் வழக்கமாக இருக்கும் காதுப் படம் போட்ட சின்னத்தைக் காணோம். காது சார் கணினியை அணைத்துவிட்டு மறுபடி முடுக்கினார். மறுபடியும் மலைதான் வந்தது.

விஷயம் இதுதான். அரசுக் கணினிகள் எல்லாவற்றிலும் இனி நம்முடைய சொந்த இயங்குதளம் மட்டுமே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அந்தத் தளத்தின் பெயர் சுயம்பு. அதைக் கட்டிக் காக்கச் சுயம்பு வாரியம் என்று ஓர் அமைப்பு இருந்தது. சுயம்பு யாருடைய தயவும் இல்லாமல் தானாகவே தோன்றியது என்பது வாரியத்தின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் முன்னொரு காலத்தில் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்ததை எடுத்துவந்து, பெயரை மாற்றிச் சூரியன் படத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று சில விஷமிகள் பேசிக்கொண்டார்கள். வாரியம் அதை வன்மையாக மறுத்தது. சூரியன் படம் சொந்தமாக வரையப்பட்டது என்பதற்கு ஆதாரமும் வெளியிட்டது.

காது சாருக்கு இதிலெல்லாம் அபிப்பிராயம் எதுவும் கிடையாது. வியாழக்கிழமை ரொட்டிக்கடை அம்மா வருகிறார் என்பதுதான் அவர் கவலை.

ரொட்டிக்கடை அம்மாவுக்கு, மகள் வயிற்றில் இருந்தபோது கடுமையான காய்ச்சல் வந்தது. பிள்ளையும் பிழைத்தது, தாயும் பிழைத்தார். காது இரண்டும் போயின. அதன்பின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிக்கொண்டார். கணவர் பேச்சு முழுக்கப் புரியும். கடைக்கு வருகிறவர்கள் பேச்சு பாதி புரியும். மீதிப் பாதியிலும் ரொட்டியைத்தான் கேட்டிருப்பார்கள் என்பதால் வியாபாரம் கெடவில்லை. மகள் பேச ஆரம்பித்ததும்தான் கஷ்டம் வந்தது. அவளுக்கு வாய் சின்னது, பேச்சு வேகம். போதாததற்கு முகத்தைக் காட்டி நின்று பேசவே மாட்டாள். எதையாவது துரத்திக்கொண்டு ஓடியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவாள்.

"நாள் பூரா என்கிட்ட பேசறா சார்," என்று ரொட்டிக்கடை அம்மா ஒருமுறை சொன்னார். "பதில் சொல்லாத அம்மான்னு மனசுல பதிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

அறுவை சிகிச்சை செய்து அவருடைய உட்காதில் ஒரு கருவியைப் பொருத்தியாயிற்று. புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் பொருத்தினால் மட்டும் போதாது. அதைக் கணினியோடு இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளால் உயிர் கொடுத்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் அளவு வைக்க வேண்டும். அதுவரை அது தலைக்குள் கிடக்கும் ஓர் உலோகத் துண்டு. அந்த மென்பொருள்தான் மலைக்குப் பின்னால் எங்கோ மறைந்துவிட்டது.

காது சார் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார்.

அது பளிங்குத் தரையும் நிறைய மாடிகளும் கொண்ட கட்டடம். விசாரித்து விசாரித்து, 'அயல்நிரல் வரவேற்புப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறைக்கு வந்து சேர்ந்தார். அறையில் வரவேற்பு அலுவலர் ஒருவர் மட்டும் இருந்தார். மேசையில் தூசி இல்லை, தாள் இல்லை, ஒன்றுமே இல்லை. பின்னால் அலமாரி நிறையக் கேடயங்கள்.

"சார், வெளியில எழுதின ஒரு மென்பொருள் எங்க கம்ப்யூட்டர்ல ஓடணும்," என்றார் காது சார்.

"வெளியில எழுதினதா? அப்படி எதுவும் சுயம்புல ஓடாது."

"பலகையில வரவேற்புன்னு போட்டிருக்கே சார்."

"வந்தா வரவேற்போம். ஆனா வரக் கூடாது," என்று அலுவலர் பொறுமையாக விளக்கினார். "இந்தப் பிரிவுக்கு வேலையே வராமப் பார்த்துக்கறதுதான் இந்தப் பிரிவோட வேலை. ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒண்ணுகூட வந்ததில்லை. அதனாலதான் வருஷா வருஷம் சிறந்த பிரிவுன்னு கேடயம் தர்றாங்க."

காது சார் கேடயங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பாராட்டாமல் இருந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தோன்றியது.

"உங்களுக்குன்னே சொந்தத் தயாரிப்பு ஒண்ணு இருக்கே, செவிச்செல்வம். அதை ஏன் போடலை?" என்று கேட்ட அலுவலர் தன் கணினியில் அதைத் திறந்தும் காட்டினார். திரை நிறைய ஒரு காது வந்தது. பிறகு வாரியத் தலைவர் தோன்றி, செவியின் பெருமை குறித்து நிதானமாக உரையாற்றினார். உரை முடிந்ததும் 'நன்றி' என்று வந்து, செவிச்செல்வம் தானாகவே மூடிக்கொண்டது.

"இதுல உட்காதுக் கருவியை எங்க சார் இணைக்கறது?"

"அது ரெண்டாம் பதிப்புல வரும்."

"அப்ப முதல் பதிப்புல?"

"தலைவர் உரை."

காது சார் தயங்கினார். "காது கேக்காதவங்களுக்கு உரை எப்படி சார்…"

"அதுக்குத்தான் சத்தத்தைக் கூட்டிக்கற வசதி வெச்சிருக்கு," என்றார் அலுவலர்.

காது சார் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வாசல் வரை போனார். அந்த முதுகைப் பார்த்து அலுவலருக்கு என்ன தோன்றியதோ, பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கீழ்த்தளத்துக்குப் போங்க. நான் சொன்னதாச் சொல்லாதீங்க. கேட்டா, கீழ்த்தளமே கிடையாது."

கிடையாத கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகளும், தண்ணீர்க் குழாய்களும், ஒரு மேசைக்குப் பின்னால் ஒரு பெண் பொறியாளரும் இருந்தார்கள். தலையில் பாதி நரை. மேசைமேல் பாதி கடித்த ஆப்பிள்.

"உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் போயிடுச்சு. நீங்க எந்தத் துறை?"

"காதுங்க."

"காது இன்னும் வரலையேன்னு நினைச்சேன். தீயணைப்பு, நில அளவை, குடிநீர் எல்லாம் வந்துட்டுப் போயாச்சு. போன மாசம் இந்தக் கட்டடத்து லிஃப்டே வந்தது."

அவருடைய வேலை என்ன என்பது காது சாருக்கு மெல்லப் புரிந்தது. சுயம்புவும், காது மென்பொருள் எந்தத் தளத்துக்காக எழுதப்பட்டதோ அதுவும், யூனிக்ஸ் என்ற ஒரே மூதாதை வழியில் வந்தவை. பங்காளிகள். ஜாடை ஒன்று, பழக்கவழக்கம் ஒன்று, பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

"ஒரு மென்பொருள் எதைச் செய்யணும்னாலும் தளத்துக்கிட்ட நம்பர் சொல்லித்தான் கேக்கும்," என்றார் பொறியாளர். "உங்க மென்பொருள் 'ரெண்டு'ன்னு கேட்டா, 'இந்தக் கோப்பைத் திற'ன்னு அர்த்தம். அதே 'ரெண்டு' சுயம்புவுக்கு 'உன்னை மாதிரி இன்னொண்ணைப் பெத்துக்கோ'ன்னு அர்த்தம். நேரா விட்டா எப்படி இருக்கும்னு பாருங்க. அதனால நடுவுல ஒரு லேயர் போட்டிருக்கேன். அது இந்த நம்பரை வாங்கி அந்த நம்பரா மாத்திக் குடுக்கும். பேர் துபாஷி."

"அந்தக் காலத்துல நடுவுல நின்னு ரெண்டு பக்கத்துப் பேச்சையும் மாத்திச் சொல்வாங்களே, அந்தத் துபாஷியா?"

"அதேதான். உங்க மென்பொருளோட பிறந்த வீட்டுச் சாமானெல்லாம் ஒரு தனி இடத்துல அப்படியே அடுக்கி வெச்சிருக்கேன். கைய நீட்டினா பழைய இடத்துலயே பாத்திரம் இருக்கும். தான் வேற வீட்டுக்கு வந்திருக்கோம்னே அதுக்குத் தெரியாது."

காது சார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மென்பொருள் குறுந்தட்டைப் போட்டு அவர் ஏதோ தட்டினார். திரையில் காதுப் படம் வந்தது. அளவு வைக்கும் கோடுகள் வந்தன. சோதனைக் கருவியை இணைத்தபோது எல்லாக் கோடுகளும் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. காது சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் தொலைந்துபோன பிள்ளையைக் காவல் நிலையத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

"இருங்க, சந்தோஷப்படாதீங்க," என்றார் பொறியாளர். "மத்ததெல்லாம் யாருக்கும் தெரியாமப் போட்டுக் குடுத்துட்டேன். இது ஆள் தலையோட சம்பந்தப்பட்டது. அயல் கலப்பு இருக்கான்னு பாக்க வாரியத்துல தூய்மைக் குழு இருக்கு, அது பார்த்துச் சரின்னு சொல்லாம ஆஸ்பத்திரியில வைக்க முடியாது."

வியாழக்கிழமை ரொட்டிக்கடை அம்மா கணவரோடும் மகளோடும் நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தார். காது சார் வாயை நன்றாகத் திறந்து, "கொஞ்சம் பொறுக்கணும்," என்றார். அந்த அம்மா அவர் உதட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையசைத்தார். மகள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள்.

தூய்மைக் குழு நீள்வட்ட மேசையைச் சுற்றிக் கூடியது. தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். செவிச்செல்வத்தில் பார்த்ததைவிடக் கொஞ்சம் குள்ளம். பக்கத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர், சட்ட ஆலோசகர், இன்னும் சிலர். பொறியாளர் மென்பொருளை ஓட்டிக் காட்டினார். எல்லாரும் திருப்தியாகத்தான் இருந்தார்கள், பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றும் வரை.

"ஒரு சந்தேகம். இந்த நிரல் ஓடத் தொடங்கும்போது, தான் எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று விசாரிக்குமே. அப்போது என்ன பதில் சொல்லப்படுகிறது?"

"அதோட சொந்தத் தளத்தோட பேரைத் துபாஷி சொல்லும்," என்றார் பொறியாளர்.

அறையில் யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள்.

"அதாவது," என்றார் தலைவர் மெதுவாக, "நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி 'இது யார் வீடு'ன்னு கேக்கறான். நாம எதிராளி பேரைச் சொல்றோம்."

"சொன்னாத்தான் சார் அது ஓடும்."

"என்னம்மா பேசறீங்க? நம்ம பாட்டன் யாருன்னு எவனாவது கேட்டா, நமக்குப் பாட்டனே கிடையாதுன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்ற அமைப்பு இது. பேரை மாத்துங்க. இப்பவே. சுயம்புன்னு சொல்லட்டும்."

பொறியாளர் மாற்றினார். மென்பொருளைத் திறந்தார். அது எந்தத் தளம் என்று விசாரித்தது. சுயம்பு என்று கம்பீரமாகப் பதில் போயிற்று. 'இப்படியொரு தளத்தை நான் அறியேன்' என்று ஒரு வரி காட்டிவிட்டு மென்பொருள் மூடிக்கொண்டது.

தலைவரின் முகத்தைப் பார்க்கக் காது சாருக்குப் பாவமாக இருந்தது.

"நம்மளைத் தெரியாதுங்குதா?"

"தெரியாதுங்குது சார்."

"அமைச்சரைத் தெரியுமான்னு கேளுங்க," என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அவரைப் பொறியாளர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

உணவு இடைவேளைக்குப் பிறகு சட்ட ஆலோசகர் வழி கண்டுபிடித்தார். மென்பொருள் விசாரிக்கும்போது துபாஷி பழைய பதிலையே சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் குழு உறுப்பினர்கள் வேறொரு பொருளைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்க வேண்டும். துபாஷி என்ற சொல்லை இனி யாரும் உச்சரிக்கக் கூடாது. இப்படி ஒப்புதல் கிடைத்தது. மென்பொருள் மறுபடி திறக்கப்பட்டபோது குழு ஜன்னல் திரைகளின் நிறம் பற்றி ஆழமாக விவாதித்தது.

கடைசியாக, அந்த மென்பொருள் நம்முடையதுதான் என்று அதன் தலைப்பகுதியில் முத்திரை குத்த வேண்டியிருந்தது. அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. புகைப்படக்காரர் தயாராக இல்லாததால், முத்திரையை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மெதுவாகக் குத்தும்படி பொறியாளரிடம் சொன்னார்கள்.

"கருவியை எப்ப சார் முடுக்கலாம்?" என்று கேட்டார் காது சார்.

தலைவர் அவர் தோளில் கை போட்டார். "அடுத்த மாசம் வாரியத்தோட ஆண்டு விழா வருது. மேடையிலயே முடுக்கிடுவோம். ஒரு தாய்க்குக் காது கேக்கற காட்சியை நாடே பாக்கணும்."

"அந்தம்மா ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இத்தனை வருஷம் காத்திருந்தவங்க. ஒரு மாசத்துல என்ன கேட்டுடப் போறாங்க?"

அந்த இடத்தில் காது சார் மறுத்துப் பேசியிருக்கலாம். பேச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். 'சரிங்க சார்' என்று வந்தது. ரொட்டிக்கடையில் போய் இதைச் சொன்னபோது, உதட்டைப் படித்த அந்த அம்மா, தான் படித்தது சரிதானா என்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் ஆமாம் என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்தார். பிறகு சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி என்று காது சாரிடம் நீட்டினார். பேருந்தில் அது மடியில் சுட்டுக்கொண்டே வந்தது. வீட்டில் அவர் அதைச் சாப்பிடவில்லை.

விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகை வைத்தார்கள். யார் எங்கே நிற்பது, எப்போது கை தட்டுவது எல்லாவற்றுக்கும் ஒத்திகை.

"நிருபர் ஒருத்தர் எழுந்து, 'இதுல அயல் நிரல் ஏதாவது இருக்கா'ன்னு கேப்பார்," என்றார் தலைவர். "நாமதான் கேக்கச் சொல்லியிருக்கோம். நீங்க 'இல்லை'ன்னு சொல்லணும்."

"சார், அது… பொய் இல்லீங்களா?" என்றார் காது சார்.

"பொய்யெல்லாம் நீங்க சொல்ல வேண்டாங்க. யாரும் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. 'இல்லை'ன்னு மட்டும் சொன்னாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்." தலைவர் அன்பாகத்தான் சொன்னார். பிறகு, சொல்ல விருப்பம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, செவிப் பிரிவுக் கணினிகள் எல்லாவற்றையும் மறு ஆய்வுக்கு எடுத்துக்கொள்வார்கள், அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது பொறியாளர் படிக்கட்டில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னை வேலையிலேர்ந்து எடுக்கப் பாக்கறாங்க," என்றார், வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி. "துபாஷின்னு ஒண்ணு இல்லைன்னு ஆயிட்டா, இல்லாத வேலைக்கு ஆள் எதுக்குன்னு சட்ட ஆலோசகர் கேட்டிருக்கார். நாளைக்கு மேடையில யாராவது ஒருத்தர் இருக்குன்னு சொன்னாப் போதும், என்னைத் தொட முடியாது. உங்களைக் கேட்டா என்ன சொல்வீங்க?"

"பாத்துக்கலாம்மா," என்றார் காது சார். அப்படிச் சொல்லும்போது அவர் பொறியாளரைப் பார்க்கவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையில் மலையும் சூரியனும் தத்ரூபமாக நின்றன. நடுவே ஒரு நாற்காலியில் ரொட்டிக்கடை அம்மா, காதுக்குப் பின்னால் கருவியின் வெளிப்பகுதியோடு, விளக்கு வெளிச்சத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளை மேடையேற்றத் தலைவர் சம்மதிக்கவில்லை. குறுக்கே ஓடினால் படம் கெட்டுவிடும். முதல் வரிசையில் கணவர் அவளை இடுப்போடு பிடித்து வைத்திருந்தார்.

முதலில் தலைவர் பேசினார்.

"அயல் நிரல் ஒன்றுகூட நம் தளத்தில் ஓடாது. அப்படி ஒன்று ஓடினால், ஓடிய அந்தக் கணத்திலேயே அது அயல் நிரல் இல்லை என்று ஆகிவிடும். இதுவே நமது கொள்கை. நாம் எவரிடமிருந்தும் எதையும் பெறவில்லை. பெற்றதை எவரிடமும் சொல்லவும் இல்லை."

கைத்தட்டல். தலைவர் ஜாடை காட்டினார். காது சார் மென்பொருளைத் திறந்தார். எந்தத் தளம் என்று அது விசாரித்தது. அரங்கில் ஒருவருக்கும் தெரியாமல் துபாஷி பதில் சொன்னது. கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. காது சார் சத்தத்தின் அளவை மெல்ல மெல்ல ஏற்றினார்.

ரொட்டிக்கடை அம்மாவின் தோள் துள்ளியது. கை காதுக்குப் போயிற்று. கண் அகலமாகி, அரங்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், காது சார் முகத்தைப் பார்த்தார். உதட்டில் ஒரு நடுக்கம். காது சார் எத்தனையோ பேருக்குக் கருவி முடுக்கியிருக்கிறார். இந்த நடுக்கத்தைப் பார்க்கத்தான் இந்த வேலையில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். மகளை மேலே அனுப்பச் சொல்லலாம் என்று திரும்பினார். அதற்குள் நிருபர் எழுந்துவிட்டார்.

"இதில் அயல் நிரல் ஏதாவது இருக்கிறதா?"

ஒலிவாங்கி காது சார் வாய்க்கு வந்தது. ரொட்டிக்கடை அம்மா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றார் காது சார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஒத்திகையில் இதோடுதான் முடிந்தது. ஆனால் தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவரே குனிந்து கேட்டார்: "துபாஷின்னு என்னவோ ஒண்ணு இருக்கு, அதை யாரோ எழுதியிருக்காங்கன்னு ஒரு வதந்தி உலவுது. அப்படி எதையாவது, யாரையாவது நீங்க பாத்திருக்கீங்களா?"

கடைசி வரிசையில், கதவோரம், பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த நரைத்த தலை தெளிவாகத் தெரிந்தது. கருவி ஓடத் தொடங்கிவிட்டது, இனி உண்மையைச் சொன்னாலும் இந்தம்மாவின் காது போகாது என்பது காது சாருக்குத் தெரியும். செவிப் பிரிவு, மறு ஆய்வு, காத்திருக்கிற மற்ற நோயாளிகள் என்று அவர் பிறகு தனக்குத் தானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் அவற்றில் ஒன்றுகூட மனதில் இல்லை. எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் இருந்தது.

"இல்லை," என்றார்.

கைத்தட்டல் இடி மாதிரி எழுந்தது. ரொட்டிக்கடை அம்மா வலி தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டார். அது நன்றாகப் படமாக வந்திருந்தது. மறுநாள் பத்திரிகைகளில், ஆனந்தத்தில் திளைக்கும் தாய் என்று போட்டார்கள்.

விழா முடிந்ததும் காது சார் கீழ்த்தளத்துக்கு ஓடினார். பொறியாளர் தன் சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அதிகம் ஒன்றும் இல்லை.

"அம்மா, நான்…"

"அவங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் பொறியாளர்.

"கேட்டுச்சு."

"அப்ப சரி. ஓடுது." அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காது சாரைத் தாண்டி நடந்தார். திட்டியிருந்தால் காது சாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுகிற அளவுக்குக்கூடத் தன்னை அவர் பொருட்படுத்தவில்லை என்று தோன்றியபோது, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் காது சார், அவர் வாழ்நாளிலேயே முதல் முறையாக, ஓர் அதிகாரியின் அறைக்குத் தானாகப் போனார். "மேடையில நான் சொன்னது பொய் சார். துபாஷி இருக்கு. எழுதினவங்களை நான் பாத்தேன்," என்று தலைவரிடம் சொல்லியும்விட்டார்.

தலைவர் கோபப்படவே இல்லை. "இல்லாதது உங்க கண்ணுக்குத் தெரியுதா?" என்று கவலையோடு விசாரித்தார். அன்று மாலைக்குள் காது சாரைக் கண் பிரிவுக்குப் பரிசோதனைக்கு அனுப்பும்படி மருத்துவமனைக்கு உத்தரவு போயிற்று. அவர் போனார். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்தார். பார்வை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

வீட்டில் மனைவி, "டிவியில நல்லாத்தானே இருந்தீங்க. ஒரே வார்த்தை, டக்குன்னு சொன்னீங்க. இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். அன்றிலிருந்து அவர் வீட்டில் இன்னும் குறைவாகப் பேசினார்.

கருவிக்கு மறு அளவு வைக்கும் நாள் வந்தது. ரொட்டிக்கடை அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்னைவிடத் தெளிவாக இருந்தார். சத்தமெல்லாம் தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரிதான் இன்னும் கேட்கிறது, பழகிக்கொண்டு வருகிறேன் என்றார். காது சார் அளவுகளைச் சரிசெய்தார். பிறகு வழக்கமான பயிற்சி: உதட்டைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டுச் சொல்ல வேண்டும். ஓர் அட்டையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "வீடு," என்றார்.

அந்த அம்மா யோசித்தார். "தெரியலை சார்."

"தண்ணி."

"தெரியலை."

இன்னும் சில சொற்கள் போயின. ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அம்மாவின் முகம் வாடத் தொடங்கியதைக் காது சார் அட்டைக்கு மேலாகப் பார்த்தார்.

"சார், அன்னிக்கு மேடையில சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க. அது எனக்கு வரும்."

"எதும்மா?"

"இல்லைன்னு சொன்னீங்களே. ஏழு வருஷம் கழிச்சு முதல்முதலா எனக்குக் கேட்ட வார்த்தை சார் அது. உங்க உதட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன்ல, அப்படியே மனசுல பதிஞ்சிடுச்சு. அதை வெச்சுத்தான் இப்ப இவளைப் பிடிக்கிறேன். கை கழுவினியான்னா 'இல்லை'. மாவுல கை வெச்சியான்னா 'இல்லை'. முதுகைக் காட்டிக்கிட்டுச் சொன்னாக்கூட எனக்குக் கேட்டுடுது." அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "மாவுல கை வெச்சுட்டு 'இல்லை'ங்கறப்போ மட்டும் சத்தம் உள்ள போயிடுது சார். அதுகூடத் தெரியுது எனக்கு."

மகள் மேசைக்கு அடியில் இருந்து தலையை நீட்டிக் காது சாரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க சார்."

"இல்லை," என்றார் அவர் அட்டைக்குப் பின்னாலிருந்து.

ரொட்டிக்கடை அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "வந்தது. ஆனா ரொம்ப உள்ள போயிடுச்சு. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்."

காது சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி, தெளிவாக, அடுத்த அறைக்குக் கேட்கும்படி, "இல்லை," என்றார்.

"இப்ப நல்லாக் கேட்டுது," என்று அந்த அம்மா முகமெல்லாம் மலர்ந்து சொன்னார். "இன்னொரு தரம்."

காது சார் அட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் கண் வரைக்கும் மறைத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொன்னார்.